மரபணு ரிப்போர்ட்டில் ‘ஆபத்து அதிகம்’ என்று வந்தால்: சர்க்கரை நோயிலும் மாரடைப்பிலும் பரம்பரையின் பங்கு எவ்வளவு?

ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கூரியரில் அனுப்பினால், சில வாரங்களில் பல பக்க ரிப்போர்ட் வீட்டுக்கு வருகிறது. அதில் ‘டைப் 2 சர்க்கரை நோய்: மரபணு ஆபத்து அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே ‘டிசிஎஃப்7எல்2, ஆர்எஸ்7903146, டிடி’ என்று ஒரு குறி. படித்தவர் ஆடிப்போகிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே இடத்தில் பச்சை எழுத்து வந்திருக்கிறது. ‘எனக்கு வராது’ என்று அவர் வருடாந்தரச் சர்க்கரைப் பரிசோதனையையே விட்டுவிடுகிறார்.

இரண்டு பேருமே அந்த ரிப்போர்ட்டைத் தவறாகத்தான் படித்திருக்கிறார்கள். பச்சை வந்தவரின் தவறு இன்னும் பெரியது. ஏன் என்று புரிய, அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மாறுபாடு என்றால் என்ன?

நம் டிஎன்ஏ ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்ட நீண்ட வரிசை. எழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. அம்மாவிடமிருந்து 23 குரோமோசோம், அப்பாவிடமிருந்து 23 குரோமோசோம் வருவதால், பெரும்பாலான இடங்களில் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ரிப்போர்ட்டில் உள்ள ‘டிடி’ என்பதன் பொருள் இதுதான்: அந்த இடத்தில் அம்மா கொடுத்த பிரதியிலும் ‘டி’, அப்பா கொடுத்த பிரதியிலும் ‘டி’.

மனிதர்களின் டிஎன்ஏ பெரும்பாலும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனாலும் ஒருவரின் டிஎன்ஏவை மாதிரி வரிசையோடு ஒப்பிட்டால் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஓர் எழுத்து மாறிய இடங்கள். இவற்றை ‘ஸ்னிப்’ என்பார்கள். நோய் விஷயத்தில் இந்த மாறுபாடுகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வது அவசியம்.

1. அரிய மாறுபாடு. சிலரிடம் மட்டும் இருக்கும், ஆனால் ஒன்றே பெரிய பாதிப்பை உண்டாக்கும். குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் நோய் இதற்கு உதாரணம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு உள்ளது. பிறந்ததிலிருந்தே எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியே இருக்கும். கவனிக்காமல் விட்டால் முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

2. பரவலான மாறுபாடு. நூற்றில் ஒருவருக்கு மேல் காணப்படுவது. பலவற்றை மக்களில் கால்வாசி, பாதிப் பேர்கூடச் சுமக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

சேலத்தின் அம்மாபேட்டை, குகைப் பகுதிகளில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாவில் ஓர் இழை அறுந்தால் சேலையின் நீளத்துக்கும் கோடு தெரியும். எந்த இழை என்று விரல் வைத்துக் காட்டலாம். அது அரிய மாறுபாடு. பல நூறு இழைகளில் சாயம் ஒரு துளி கூடியும் குறைந்தும் ஏறியிருந்தால் சேலையின் மொத்த நிறம் லேசாக மாறும். இந்த இழைதான் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. பரவலான மாறுபாடுகள் அப்படி வேலை செய்பவை. நமக்கு வரும் சர்க்கரை நோயும் மாரடைப்பும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முறை எளிமையானது, எண்ணிக்கைதான் பெரிது. நோய் உள்ள ஆயிரக்கணக்கானவர்களையும் நோய் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களையும் எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான இடங்களில் யாருக்கு எந்த எழுத்து என்று பார்ப்பார்கள். ஓர் இடத்தில் ‘டி’ எழுத்து நோயாளிகளிடம் தற்செயலை மிஞ்சும் அளவுக்கு அதிகமாக இருந்தால், அந்த இடத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று குறித்துக்கொள்வார்கள். 2007-ல் பிரிட்டனில் வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பு 7 நோய்களுக்கு, நோய்க்கு 2,000 பேர் வீதமும், ஒப்பிட்டுப் பார்க்க எல்லா நோய்களுக்கும் பொதுவான 3,000 பேரும் வைத்து நடத்திய ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம். மாரடைப்பும் டைப் 2 சர்க்கரையும் அந்த ஏழில் இருந்தன.

இந்த முறை சொல்வது தொடர்பை மட்டுமே. அந்த எழுத்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைத் தனியாகத்தான் தேட வேண்டும். அப்படித் தேடியதில் சில இடங்கள் நன்றாகத் தெளிவாகியிருக்கின்றன.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க நான்கு இடங்கள்

1. டிசிஎஃப்7எல்2. ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் மரபணுப் பெயர். அதோடு வரும் ‘ஆர்எஸ்’ எண், எழுத்து மாறும் அந்த இடத்தின் முகவரி. இதற்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை 2006-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே புனேவிலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகள் இந்தியர்களிடமும் இந்தத் தொடர்பு இருப்பதைக் காட்டின. டைப் 2 சர்க்கரைக்கான பரவலான மாறுபாடுகளில் வலுவானவற்றில் இது ஒன்று. மூன்று இட்லி சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். குடல் ஒரு ஹார்மோன் மூலம் கணையத்துக்குச் சேதி சொல்லும். கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும். ‘டி’ பிரதி உள்ளவர்களுக்கு இந்த இன்சுலின் சுரப்பு கொஞ்சம் மந்தம். ஒரு வேளையில் பெரிய வித்தியாசம் தெரியாது. முப்பது வருடச் சாப்பாட்டில் தெரியும்.

2. 9பி21. ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு பகுதி. 2007-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதே இடத்தை மாரடைப்போடு தொடர்புபடுத்தின. ஒரு பிரதிக்கு ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் இது ஏற்றுவதில்லை. ரத்தக்குழாயின் சுவரிலேயே வேலை செய்வதாகத் தெரிகிறது. ‘எல்லாம் நார்மல்தானே, அப்புறம் எப்படி அட்டாக் வந்தது?’ என்று குடும்பங்கள் கேட்கும் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் இதுவும் ஒரு சிறு பகுதி.

3. பிசிஎஸ்கே9. இந்த நான்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இந்த மரபணு சரியாக வேலை செய்யாதவர்களுக்கு எல்டிஎல் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியான ஆய்வில், வெள்ளையர்களில் 3 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோரிடம் இருந்த ஒரு மாறுபாடு எல்டிஎல்லை 15 சதவீதம்தான் குறைத்திருந்தது. ஆனால் இதய நோய் 47 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் மாத்திரை போட்டு அதே 15 சதவீதம் குறைத்தால் இவ்வளவு பலன் கிடைக்காது. பிறந்ததிலிருந்து குறைவாக இருந்ததுதான் வித்தியாசம். கொலஸ்ட்ரால் விஷயத்தில் அளவோடு வருடங்களையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும் என்பதை இந்த மரபணு காட்டிக்கொடுத்தது. இதே புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

4. எல்பிஏ. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவைத் தீர்மானிப்பது. இதில் பெரும்பங்கு பரம்பரைதான். சாப்பாடும் நடையும் அதை அதிகம் அசைப்பதில்லை. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிட இது சராசரியாகக் கூடுதல். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு எச்சில் குழாய் வேண்டாம், சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலோருக்குப் போதுமானது.

‘40 சதவீதம் கூடுதல் ஆபத்து’ என்ற கணக்கு

குழப்பம் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. டிசிஎஃப்7எல்2-ல் ஒரு ‘டி’ பிரதிக்கு வாய்ப்பு விகிதம் சுமார் 1.4. அதாவது, நோய் வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதம் 1.4 மடங்காகிறது. இதை ‘எனக்குச் சர்க்கரை வர 40 சதவீதம் வாய்ப்பு’ என்று படித்துவிடுகிறார்கள். அது அப்படி இல்லை.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ‘டி’ பிரதியே இல்லாத 100 பேரை எடுத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் அவர்களில் 20 பேருக்குச் சர்க்கரை வருகிறது, 80 பேருக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 20-க்கு 80, அதாவது 0.25.

1. ஒரு ‘டி’ பிரதி உள்ள 100 பேரில்: 0.25 பெருக்கல் 1.4 என்றால் 0.35. அந்த விகிதத்தில் 26 பேருக்கு வரும், 74 பேருக்கு வராது.

2. இரண்டு ‘டி’ பிரதி உள்ள 100 பேரில்: இன்னொரு முறை 1.4-ஆல் பெருக்கினால் 0.49. அந்த விகிதத்தில் 33 பேருக்கு வரும், 67 பேருக்கு வராது.

சிவப்பு எழுத்தில் வந்த ‘டிடி’க்காரர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் வரவில்லை. பச்சை எழுத்துக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு வந்துவிட்டது. சர்க்கரைப் பரிசோதனையை நிறுத்திய அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இந்த 20 பேரில் ஒருவராக இருக்கலாம். ஒரே ஓர் இடத்தை வைத்து ஒருவரின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் கூட்டினால்?

ஓர் இடம் கொஞ்சம்தான் தள்ளும். சரி, லட்சக்கணக்கான இடங்களைக் கூட்டினால்? அதைத்தான் பன்மரபணு மதிப்பெண் செய்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் அதன் வலுவுக்கேற்ப மதிப்பெண் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, மற்றவர்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வது. 2018-ல் வெளியான ஓர் இதய நோய் மதிப்பெண் 66 லட்சம் இடங்களைக் கணக்கில் எடுத்தது. ஆய்வில் இருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஆபத்து இருப்பதாகக் காட்டியது. இதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் அந்த ஆய்வு பிரிட்டன் மக்களை வைத்து நடந்தது. உலகில் நடந்த மரபணு ஆய்வுகளில் ஐந்தில் நான்கு பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடந்திருக்கிறது. அவர்கள் அளவுக்குத் தைத்த சட்டை நமக்கு எப்படிப் பொருந்தும்? 2019-ல் வெளியான ஒரு கணக்கீடு, இப்படிப்பட்ட மதிப்பெண்களின் துல்லியம் தெற்காசியர்களிடம் சராசரியாக 37 சதவீதம் குறைகிறது என்றது. நம்மிடம் மட்டும் பரவியுள்ள மாறுபாடுகளை அந்த மதிப்பெண்கள் பார்க்கவே பார்க்காது. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாறுபாடு உண்டு. ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்ற குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, துணைக்கண்ட மக்களில் சுமார் 4 சதவீதம் பேர் இதைச் சுமக்கிறார்கள். இதயத் தசை பலவீனமாகி இதயம் செயலிழக்கும் ஆபத்தை இது பல மடங்கு கூட்டுவதாக அந்த ஆய்வு சொன்னது. ஐரோப்பாவில் மட்டும் தேடியிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

இந்தியாவின் வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு டிஎன்ஏவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நமக்கான மதிப்பெண் அங்கிருந்துதான் வர வேண்டும். அதுவரை, ரிப்போர்ட்டில் ‘இந்தியர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால், எத்தனை இந்தியர்களிடம் சரிபார்த்தார்கள் என்று கேட்பது நம் உரிமை.

மரபணு மாறவில்லை, நோய் மாறியது

சென்னையில் நடந்த தொடர் ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. 1989-ல் பெரியவர்களில் 8.3 சதவீதமாக இருந்த சர்க்கரை நோய் 2004-ல் 14.3 சதவீதமானது. பதினைந்து வருடத்தில் ஒரு நகரத்தின் மரபணு மாறாது. மாறியது தட்டு, வேலை, தூக்கம், நடை. சேர்வராயன் மலையிலும் கதை வேறில்லை. சாமையும் கேழ்வரகும் சாப்பிட்டு, எஸ்டேட்டுக்கு மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று வேளை வெள்ளை அரிசி சாப்பிட்டுவிட்டு வண்டியில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறார்கள். தாத்தாவிடம் பதுங்கியிருந்த அதே எழுத்துகள் பேரனிடம் வெளியே வருகின்றன.

மாம்பழ ஊரான சேலத்துக்கு மாம்பழத்தில் சொல்வதே சரி. ஒரே தாய் மரத்தின் குச்சியில் ஒட்டிய மல்கோவாக் கன்றுகள் அத்தனைக்கும் மரபணு ஒன்று. ஒன்றை வாழப்பாடிப் பக்கம் நல்ல கிணற்றுத் தண்ணீரில் வையுங்கள், இன்னொன்றை உப்புத் தண்ணீர் பாயும் களரில் வையுங்கள். காய்ப்பும் ருசியும் ஒன்றாகவா இருக்கும்? அதே நேரம், எவ்வளவு உரம் போட்டாலும் மல்கோவா கிளிமூக்கு ஆகாது. மரபணு எல்லையைப் போடுகிறது. அந்த எல்லைக்குள் எங்கே நிற்கிறோம் என்பதைத் தண்ணீரும் மண்ணும் தீர்மானிக்கின்றன.

இதற்கு மனிதர்களிடமே ஆதாரம் இருக்கிறது. 2016-ல் 55,000-க்கும் அதிகமானவர்களை வைத்து வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து மிக அதிகம் உள்ளவர்களிலேயே புகைக்காமை, உடல் பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாக இருந்தது. அமெரிக்காவின் சர்க்கரை தடுப்பு ஆய்வில், ‘டிடி’ உள்ளவர்கள் வேகமாகச் சர்க்கரை நோயாளி ஆனார்கள். ஆனால் உணவும் உடற்பயிற்சியும் மாற்றிய குழுவில் அந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கியது. நம் ஊர் உடம்புக்கும் இது பலிக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சென்னையில் நடந்து 2006-ல் வெளியான தடுப்பு ஆய்வு இருக்கிறது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

இந்தக் கேள்வி நம் பக்கம் கட்டாயம் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவில் மணம் முடிப்பது தமிழ்நாட்டில் இன்றும் அதிகம். அக்கா மகளை மணந்தவரின் குழந்தைக்கு டிஎன்ஏவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இடங்களில் ஒரே மூதாதையின் பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். அரிய, இரண்டு பிரதியும் கெட்டால்தான் வெளிப்படும் நோய்களுக்கு இது உண்மையான ஆபத்து. ஆனால் பரவலான மாறுபாடுகளின் கதை வேறு. அங்கே பிரதிகளின் எண்ணிக்கைதான் கூட்டப்படுகிறது. உறவு மணத்தால் சிலருக்கு இரண்டு பிரதியும், சிலருக்கு ஒன்றுமில்லாமலும் போகுமே தவிர, சராசரி கூடுவதில்லை. ஆகவே ஐம்பது வயதில் வந்த சர்க்கரைக்கு உறவுக் கல்யாணத்தின் மேல் பழியைப் போடுவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1. முதலில் ஓர் அங்குல டேப் எடுங்கள். சென்னை ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை ஆபத்து மதிப்பெண்ணில் நான்கே கேள்விகள்: வயது, இடுப்பளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. மொத்தம் 100. செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் 48 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20, இடுப்பு 96 சென்டிமீட்டருக்கு 10, நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து உடற்பயிற்சியும் இல்லாததற்கு 30, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததற்கு 10. கூட்டினால் 70. அறுபதும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. அவர் ஒழுங்காக உடற்பயிற்சி தொடங்கினால் 30 என்பது 20 ஆகும். இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் அந்த 10 போய்விடும். மொத்தம் 50, நடுத்தர ஆபத்து. அப்பா கொடுத்த 10 மட்டும் அப்படியே நிற்கும்.

2. சிவப்போ பச்சையோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), எல்டிஎல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். இவை இன்றைய நிலையைச் சொல்பவை. எல்டிஎல் ஏறியிருந்தால், மருத்துவர் மாத்திரை சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். பிசிஎஸ்கே9 சொன்ன பாடம் அதுதான்.

3. குடும்ப வரலாற்றை எழுதிவையுங்கள். யாருக்கு எந்த வயதில் அட்டாக், யாருக்கு எந்த வயதில் சர்க்கரை. டாக்டரிடம் ‘பரம்பரையா இருக்கு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட ‘அப்பாவுக்கு 46-ல், சித்தப்பாவுக்கு 44-ல்’ என்று சொல்வது பல மடங்கு உதவும்.

4. மரபணுச் சோதனை உண்மையிலேயே தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. எல்டிஎல் 190-க்கு மேல் இருந்து, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால். ஒல்லியான இளைஞர்களுக்கு மூன்று தலைமுறையாக 25 வயதுக்குள் சர்க்கரை வந்திருந்தால். இளவயதில் காரணம் தெரியாமல் இதயம் வீங்கியோ திடீரென்றோ யாராவது இறந்திருந்தால். அங்கே தேட வேண்டியது அறுந்த ஒற்றை இழையை. அதற்குக் கடையில் வாங்கும் எச்சில் குழாய் போதாது. மருத்துவர் எழுதிக் கொடுத்து, மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய சோதனை அது. ஒருவருக்கு உறுதியானால் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரையும் பார்க்க வேண்டும்.

5. பரவலான மாறுபாடுகளுக்காகப் பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலை அனுப்ப வேண்டாம். பெற்றோர் இருவரும் ‘சிடி’யாக இருந்தால், பிள்ளைக்கு ‘சிசி’, ‘சிடி’, ‘டிடி’ எது வேண்டுமானாலும் அமையலாம். எது வந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்போவது ஒன்றேதான்: சாயங்காலம் விளையாடப் போ.